முதுகுச் சுமையில் நடக்கும் நகராட்சி: கும்பு குறிப்புகள்

புதன், லுக்லா (2,845 மீட்டர்)

நேபாளத்தில் எவரெஸ்ட் இருக்கும் கும்பு பகுதிக்கு வாசல் லுக்லா. அதன் ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர், சரிவு 11.7 சதவீதம். இறங்கும் விமானம் மேட்டை நோக்கி வரும், கிளம்பும் விமானம் பள்ளத்தை நோக்கி ஓடும். மேல் முனையில் சுவர், அதற்குப் பின்னால் மலை. எனவே கிட்டத்தில் வந்துவிட்ட விமானம் மறுபடி மேலேறிச் சுற்றி வர வழியில்லை. இறங்கலாமா வேண்டாமா என்பதை விமானி பள்ளத்தாக்கிலேயே முடிவு செய்துவிட வேண்டும். அதனால்தான் இங்கே வானிலை இவ்வளவு பெரிய விஷயம். காலையில் காற்று அடங்கியிருக்கும். பத்து, பதினோரு மணிக்கு மேகம் ஏறிவிட்டால் அன்றைய விமானங்கள் அவ்வளவுதான். திரும்பும் தேதிக்கும் காத்மாண்டுவிலிருந்து ஊர் திரும்பும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு நாள் காலியாக விடுங்கள்.

கூட்டம் அதிகமுள்ள மாதங்களில் (அக்டோபர், நவம்பர், ஏப்ரல், மே) பெரும்பாலான விமானங்கள் காத்மாண்டுவிலிருந்து கிளம்புவதில்லை. ராமேச்சாப் மாவட்டத்து மந்தலியிலிருந்து கிளம்பும். காத்மாண்டுவிலிருந்து மந்தலிக்கு வண்டியில் நான்கைந்து மணி நேரம், அதனால் நள்ளிரவு தாண்டியதும் புறப்பட வேண்டும். அங்கிருந்து பறப்பது 15 முதல் 20 நிமிடம்தான். மூட்டை 10 கிலோ, கைப்பை 5 கிலோ என்பது வழக்கமான வரம்பு. இந்தியர்களுக்கு உள்நாட்டு விமானங்களில் தனிக் கட்டணப் பிரிவு உண்டு. முன்பதிவு செய்யும்போதே கேட்டு வாங்குங்கள். இந்தியாவிலிருந்து நேபாளத்துக்குப் பறக்க பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம்.

இந்த ஓடுபாதையை 1964இல் எட்மண்ட் ஹிலாரியும் இப்பகுதி மலைமக்களான ஷெர்பாக்களும் சேர்ந்து போட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் வேண்டிய சாமான்களை இறக்கத்தான் அப்போது அது தேவைப்பட்டது. தார் போட்டது 2001இல். இன்று இந்த ஊராட்சிக்குள் வரும் பணத்தில் பெரும்பங்கு இந்த அரைக் கிலோமீட்டரில்தான் வந்து இறங்குகிறது.

ஊராட்சியின் பெயர் கும்பு பாசாங்ல்ஹாமு. நேபாளத்தின் 2015 அரசியல் சட்டப்படி நாடு 753 உள்ளாட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. அதில் 460 கிராம நகராட்சிகள். சௌரிகர்கா, நாம்சே, கும்ஜுங் என்ற மூன்று பழைய கிராமக் குழுக்களை இணைத்து 2017இல் உருவானது இது. ஐந்து வார்டுகள், சுமார் 1,500 சதுர கிலோமீட்டர், மக்கள் தொகை பத்தாயிரத்துக்குள். எவரெஸ்ட்டின் நேபாளப் பக்கம் இந்த எல்லைக்குள்தான் வருகிறது. அலுவலகம் லுக்லாவுக்குக் கீழே சௌரிகர்காவில். உள்ளூரில் யாரும் முழுப் பெயர் சொல்வதில்லை, ‘பாலிகா’ (நேபாளியில் நகராட்சி) என்றால் போதும்.

பெயர் பாசாங் ல்ஹாமு ஷெர்பாவுக்கு உரியது. 1993 ஏப்ரல் 22 அன்று எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் நேபாளப் பெண். இறங்கும் வழியில் இறந்துபோனார். லுக்லா கடைத்தெரு முடிகிற இடத்தில் அவர் நினைவாக ஒரு வளைவு நிற்கிறது. நடை அதைத் தாண்டித்தான் தொடங்குகிறது.

வியாழன், மோஞ்சோ (2,835 மீட்டர்)

சீட்டு விஷயத்தை இன்றே முடித்துவிடலாம். இரண்டு சீட்டு வேண்டும். ஒன்று பாலிகாவின் நுழைவுச் சீட்டு. 2017 இறுதியில் 2,000 நேபாள ரூபாயில் தொடங்கி, பிறகு 3,000 ஆனது. லுக்லாவிலேயே எடுத்துவிடலாம். இரண்டாவது சாகர்மாதா (எவரெஸ்ட்டின் நேபாளப் பெயர்) தேசியப் பூங்காச் சீட்டு, மோஞ்சோ வாசலில் கிடைக்கும். இந்தியா உட்பட சார்க் நாட்டவருக்கு 1,500 ரூபாய், அதன்மேல் 13 சதவீத வரி சேர்த்து 1,695. மற்ற வெளிநாட்டவருக்கு 3,390. அடையாள அட்டையைக் காட்டாவிட்டால் உங்களிடமும் 3,390தான் கேட்பார்கள்.

நேபாளத்தின் மற்ற மலைப்பாதைகளில் கேட்கப்படும் ‘டிம்ஸ்’ என்ற நடைபயணிப் பதிவு அட்டை இங்கே செல்லாது. தன் எல்லைக்குள் தன் சீட்டுதான் என்று பாலிகா தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. 2023 ஏப்ரல் முதல் வழிகாட்டி இல்லாமல் வெளிநாட்டவர் யாரும் மலை நடை போகக்கூடாது என்று காத்மாண்டு அறிவித்தபோதும், எங்கள் ஊருக்கு அது பொருந்தாது என்றது இதே பாலிகாதான். சின்ன ஊராட்சிக்கு இவ்வளவு தைரியம் எப்படி என்றால், பணம் தன் வாசலிலேயே வசூலாகிறது. எவரெஸ்ட் ஏறுவதற்கான பெரிய கட்டணம் (2025 செப்டம்பரிலிருந்து வசந்த காலத்தில் ஆளுக்கு 15,000 டாலர்) மத்திய அரசின் கஜானாவுக்குப் போகிறது. பூங்கா வருமானத்தில் 30 முதல் 50 சதவீதத்தைச் சுற்றுப்புறச் சமூகங்களுக்குத் தரச் சட்டம் இருக்கிறது. ஆனால் மனம்போல் செலவழிக்கக்கூடிய காசு நடைபயணிகளின் சீட்டுக் காசுதான்.

லுக்லாவிலிருந்து மோஞ்சோ வரை உள்ள பகுதியைப் பாரக் என்பார்கள். பைன் காடு, முட்டைக்கோஸ் தோட்டம், தூத்கோசி ஆறு. லுக்லாவைவிட மோஞ்சோ உயரம் குறைவு என்பதால் முதல் இரவுக்கு இது நல்ல இடம்.

வெள்ளி, நாம்சே (3,440 மீட்டர்)

ஜோர்சலே தாண்டினால் இரட்டைத் தொங்குபாலம் வரும். கீழே இருப்பது பழையது, மேலே இருப்பதில்தான் ஆட்கள் போவார்கள். பாலத்துக்கு ஒரு விதி: எதிர்க்கரையில் மணிச் சத்தம் கேட்டால் காலை வைக்காதீர்கள். கோவேறு கழுதை வரிசை நடுப்பாலத்தில் நிற்காது, திரும்பவும் திரும்பாது. பாதையில் சந்தித்தால் எப்போதும் மலைச் சுவரோரமாக ஒதுங்குங்கள். பள்ளத்தோரம் நின்றவர்களைச் சுமை இடித்துத் தள்ளியிருக்கிறது. ஆறு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காஸ் சிலிண்டருக்கு உங்களைத் தெரியாது.

பாலத்திலிருந்து நாம்சே வரை ஏறத்தாழ 600 மீட்டர் ஒரே ஏற்றம். சுமைக்காரர்கள் எப்படி ஏறுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மூங்கில் கூடை ‘டோகோ’, அதை நெற்றியில் தாங்கும் பட்டை ‘நாம்லோ’, கையில் ஆங்கில டி வடிவக் கட்டை ‘டோக்மா’. சில நிமிடம் நடப்பார்கள், நிற்பார்கள். நிற்கும்போது கூடையை இறக்குவதில்லை. டோக்மாவைக் கூடைக்கு அடியில் முட்டுக்கொடுத்து, நின்றபடியே பாரத்தைக் கட்டைமேல் சாய்த்துவிட்டு, விசிலடிப்பதுபோல் ஒரு மூச்சு விடுவார்கள். மறுபடி சில நிமிடம். இறக்கி வைத்தால் மறுபடி தூக்க இன்னொருவர் வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கட்டை. நடைபயணிகளின் பையைத் தூக்குபவருக்கு 30 கிலோ என்பது பொதுவாக ஒப்புக்கொண்ட வரம்பு. கடைச் சரக்கு தூக்குபவர் கதை வேறு. கூலி கிலோவுக்கு என்பதால் 60, 80 என்று தன் எடையையும் மிஞ்சிக் கட்டிக்கொள்கிறார்.

பெரும்பாலும் இவர்கள் ஷெர்பாக்கள் இல்லை. கீழ்ப் பள்ளத்தாக்குகளின் ராய், தமாங், மகர் மக்கள். சுமைக்காரர் எல்லாரையும் ‘ஷெர்பா’ என்று அழைக்கும் பழக்கத்தை இங்கே வந்தாவது விட்டுவிடலாம்.

மிருகங்களிலும் உயரத்துக்கு ஏற்ற பிரிவினை உண்டு. யாக் 3,000 மீட்டருக்குக் கீழே வெப்பம் தாங்காது. கீழ்ப் பாதையில் யாக் என்று எல்லாரும் படம் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் ஜோப்கியோ, அதாவது யாக்கும் மாடும் கலந்த ஆண். கோவேறு கழுதை பிற்பாடு வந்து பெருகியது. வேகமும் மலிவும் அதன் பலம்; கல் பாதையைச் சீக்கிரம் தேய்ப்பதும் அதுதான்.

சனி, நாம்சே சந்தை

நாம்சேவுக்கு வருகிற நாளைச் சனிக்கிழமைக்கு ஒட்டி அமைத்துக்கொள்ளுங்கள். வாரச் சந்தை வெள்ளி மதியமே கூடத் தொடங்கிச் சனி காலையில் உச்சம் தொடும், மதியத்துக்குள் கலைந்துவிடும். அரிசி, மக்காச்சோளம், முட்டை, எருமைக்கறி, கோழி எல்லாம் கீழிருந்து வரும். மேலிருந்து, 5,700 மீட்டர் தாண்டிய நாங்பா கணவாய் வழியே, திபெத்திய வியாபாரிகளும் முன்பு கம்பளமும் சீனத் துணியும் கொண்டுவருவார்கள். பழைய உப்பு வணிகம் நடந்த வழி அது.

இங்கே விலையைப் புரிந்துகொள்ள ஒரே கணக்குத்தான்: பொருளின் எடை, லுக்லாவிலிருந்து நடந்த தூரம். அதனால் எடை குறைந்து விலை கூடியது (தேநீர்த் தூள், நூடுல்ஸ்) உயரம் போகப் போகக் கொஞ்சமாக ஏறும். எடை அதிகமுள்ளது (பாட்டில் தண்ணீர், பீர், காஸ்) தாறுமாறாக ஏறும். சூடான குளியலுக்குத் தனிக் காசு, போன் சார்ஜுக்குத் தனிக் காசு என்றால் கோபப்படாதீர்கள். மாறாக அறை வாடகை 500, 1,000 ரூபாய் என்று மலிவாக இருக்கும். அதற்குள் ஓர் எழுதாத ஒப்பந்தம் இருக்கிறது: இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அங்கேயே. வெளியே சாப்பிட்டுவிட்டுப் படுக்க மட்டும் வந்தால் வாடகையை ஏற்றிவிடுவார்கள், நியாயமும்தான். நம் வயிற்றுக்கு தால்பாத் போதும். சோறும் பருப்பும் காயும் மறுபடி கேட்டால் தருவார்கள். இறைச்சியைத் தவிர்ப்பது நல்லது. பூங்காவுக்குள் கொல்லக்கூடாது என்பதால் கறி கீழிருந்து வெயிலில் நடந்து வருகிறது.

நம்பகமான ஏடிஎம் நாம்சேயோடு சரி. நேபாள ரூபாயைக் காத்மாண்டுவிலேயே மாற்றிக்கொண்டு வாருங்கள். மாற்று விகிதம் நிலையானது, ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60.

குப்பைக்கு வருவோம். மேலே ஏறிய சுமை காலியானதும் என்ன ஆகிறது என்பதுதான் இந்த ஊரின் தலைவலி. சாகர்மாதா மாசுக் கட்டுப்பாட்டுக் குழு 1991இலிருந்து வேலை செய்கிறது. 1998இல் கண்ணாடி பீர் பாட்டிலைத் தடை செய்தார்கள். அதனால் கேன் வந்தது. 2020 ஜனவரி முதல் 30 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக் பாட்டில் பானங்களும் பாலிகா எல்லைக்குள் கூடாது என்று விதித்தார்கள். கடைகளைப் பார்த்தால் விதி எந்த அளவு நடக்கிறது என்று தெரியும். மாற்று வழி இல்லாத தடை பாதிதான் ஓடும். எரிக்க முடிந்தது குழியில் எரிகிறது, உலோகமும் பிளாஸ்டிக்கும் கீழே போயாக வேண்டும். இறங்கும் சுமைக்காரருக்குக் கூலி கொடுத்து அனுப்புவதைவிட, வெறுங்கையோடு இறங்கும் பயணிகளிடம் ஆளுக்கு ஒரு கிலோ கொடுத்தால் என்ன என்று யோசித்தார்கள். நாம்சேயில் அந்தச் சின்னப் பையை வாங்கிக்கொண்டு லுக்லா விமான நிலையத்தில் ஒப்படைக்கலாம். ஒரு கிலோ யாருக்கும் பாரமில்லை.

ஞாயிறு, குண்டே, கும்ஜுங் (3,790 – 3,840 மீட்டர்)

உயரத்துக்கு உடல் பழகுவதற்கான நாள். ஏறிப் பார்த்துவிட்டு நாம்சேக்கே இறங்கித் தூங்கலாம். 3,000 மீட்டர் தாண்டியபின் தூங்கும் உயரம் நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் இருக்க வேண்டும். மருத்துவர் ஒப்புக்கொண்டால் டயமாக்ஸ் என்ற உயர நோய் மாத்திரை 125 மில்லிகிராம் காலை, இரவு. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட வேண்டும். விரல் நுனி குறுகுறுப்பும் அடிக்கடி சிறுநீரும் அதன் வழக்கமான விளைவு.

கும்ஜுங் பள்ளிக்கூடம் 1961, குண்டே மருத்துவமனை 1966; இரண்டும் ஹிலாரி முயற்சியில் வந்தவை. மருத்துவமனையின் பெரிய சாதனை மலையேறிகளைக் காப்பாற்றியது அல்ல. இந்த மண்ணில் அயோடின் குறைவு. கழுத்துக் கழலையும், பிறவியிலேயே காது கேளாமை, மூளை வளர்ச்சிக் குறைவும் ஊரெல்லாம் இருந்தன. அறுபதுகளில் அயோடின் ஊசி போடத் தொடங்கியபின் அவற்றோடு குழந்தைகள் பிறப்பது ஏறத்தாழ நின்றது. கும்ஜுங் மடத்தில் ‘எட்டி’ என்ற பனிமனிதனின் மண்டைத்தோல் என்று ஒன்றைக் காட்டுவார்கள். 1960இல் வெளிநாடு கொண்டுபோய் ஆராய்ந்தார்கள், செரோ என்ற மலையாட்டின் தோலால் செய்தது என்றார்கள். காணிக்கைப் பெட்டிக்கு அதனால் நட்டமில்லை.

கல் சுவர் போட்ட வயல்கள் முழுக்க உருளைக்கிழங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வந்து சேர்ந்த பயிர். வசந்தத்தில் நட்டு, செப்டம்பர் வாக்கில் தோண்டி, வீட்டருகே குழிக்குள் மூடி வைப்பார்கள். இல்லாவிட்டால் குளிர்காலத்தில் உறைந்து அழுகும். துருவிய கிழங்கைக் கல்லில் ஊற்றிச் சுடும் ‘ரிகி குர்’ எங்கே கிடைத்தாலும் சாப்பிடுங்கள், யாக் வெண்ணெயும் மிளகாய்த் துவையலும் கேட்டு வாங்கி.

பாலிகா வருவதற்கு முன் இந்த ஊர்களை நடத்தியது ‘நாவா’ முறை. ஊர் கூடி ஆண்டுதோறும் சிலரை நாவாவாகப் போடும். பயிர் நிற்கும் காலத்தில் மாடு எதுவும் ஊருக்குள் இருக்கக்கூடாது, எந்த நாளில் எந்தப் பக்கம் புல் அறுக்கலாம், எந்தக் காட்டில் விறகு தொடக்கூடாது என்பதெல்லாம் அவர் சொல். மீறினால் அபராதம். 1976இல் பூங்கா வந்து, காவலுக்கு ராணுவமும் வந்தபின் காட்டின் மீதான அந்த அதிகாரம் போனது. விறகுக்குப் பூங்கா விதித்த கட்டுப்பாடு சரியா என்பதல்ல, யார் விதிக்க வேண்டும் என்பதில்தான் ஊராருக்கு வெகு நாள் மனத்தாங்கல். எங்கள் கணிப்பில், பாலிகா காத்மாண்டுவோடு அடிக்கடி மல்லுக்கு நிற்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடக்கிறது. வசதி வந்த குடும்பங்கள் பிள்ளைகளைக் காத்மாண்டுப் பள்ளிகளில் சேர்த்துவிட்டன. ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைகிறார்கள், வயலில் கூலிக்குக் கீழிருந்து ஆட்கள் வருகிறார்கள். குளிர்காலத்தில் நாம்சேயின் பல வீடுகள் பூட்டித்தான் கிடக்கும்.

திங்கள், தாமே (3,800 மீட்டர்)

எவரெஸ்ட் பாதையில் போகிறவர்கள் பெரும்பாலும் தாமே பக்கம் திரும்புவதில்லை. நாம்சேயிலிருந்து நாலு மணி நேரம், கூட்டம் கிடையாது. டென்சிங் சிறுவயதில் வளர்ந்த பகுதி இது. 2025 மே வரை 31 முறை எவரெஸ்ட் ஏறிய காமி ரீட்டாவின் ஊரும்தான்.

2024 ஆகஸ்ட் 16 மதியம் மேலே பனியேரி உடைந்து வெள்ளம் இந்த ஊருக்குள் புகுந்தது. பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், பல வீடுகள் போயின. உயிர்ச்சேதம் இல்லை, காரணம் வெள்ளம் பகலில் வந்தது. உடைந்தவை சிறிய ஏரிகள். ஆபத்தானவை என்று கண்காணித்த பெரிய ஏரிகளின் வரிசையில் அவை இல்லை. 2016இல் இம்ஜா ஏரியில் ராணுவத்தை வைத்துக் கால்வாய் வெட்டி 3.4 மீட்டர் நீர்மட்டத்தை இறக்கினார்கள். பெரிய ஏரிக்கு அது சரி, சிறியவற்றை எல்லாம் யார் எண்ணுவது?

இந்தப் பள்ளத்தாக்குக்கு இது புதிதும் அல்ல. 1985 ஆகஸ்ட் 4 அன்று திக் சோ ஏரி உடைந்தபோது, முடியும் தறுவாயில் இருந்த நாம்சே நீர்மின் நிலையத்தை அடித்துக்கொண்டு போனது. கீழே 14 பாலங்களும் போயின. அதன்பின் இடத்தை மாற்றி, ஆஸ்திரிய உதவியுடன் தாமே அருகே 600 கிலோவாட் நிலையம் கட்டினார்கள். நாம்சே, கும்ஜுங், குண்டே அடுப்புகளில் விறகு குறைந்தது அதனால்தான். குளிர்காலத்தில் நீர்வரத்து குறையும்போது 600 கிலோவாட் கிடைக்காது. அதே நேரத்தில் ஹீட்டர் தேவை கூடும். இரவு ஏழு மணிக்கு விளக்கு மங்கினால் காரணம் இதுதான். சார்ஜ் போடும் வேலையைப் பகலில் முடித்துவிடுங்கள்.

தண்ணீரிலும் இதே இழுபறி. மேலே உள்ள ஊற்றிலிருந்து கறுப்பு பிளாஸ்டிக் குழாயைத் தரைமேலேயே இழுத்திருப்பார்கள்; பாறை மண்ணில் புதைப்பது கடினம். இரவில் நீர் ஓடாமல் நின்றால் உறைந்து குழாய் வெடிக்கும். அதனால் குளிர்காலத்தில் குழாயை முழுக்க மூடாமல் சொட்ட விடுவார்கள். வீணாக்குகிறார்களே என்று நீங்கள் போய்த் திருகி மூடிவிடாதீர்கள்.

வியாழன், பெரிச்சே (சுமார் 4,300 மீட்டர்)

நடுவில் தெங்போச்சே மடம் (3,867 மீட்டர்). 1934 நிலநடுக்கத்தில் விழுந்தது, 1989 ஜனவரியில் எரிந்தது, 1993இல் மறுபடி எழுந்தது. அங்கே இரவு தங்குவதைவிட, இருபது நிமிடம் இறங்கினால் வரும் தெபோச்சேயில் தங்குவது வசதி. காற்று குறைவு, மரங்கள் உண்டு.

பெரிச்சேயில் மரம் கிடையாது. இங்கிருந்து மேலே அடுப்பு எரிவது யாக் வறட்டியில். சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும், மாலை ஐந்து வாக்கில்தான் மூட்டுவார்கள். இமயமலை மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் 1973இலிருந்து இங்கே இருக்கிறது. நடைப் பருவத்தில் மாலைகளில் உயர நோய் பற்றி இலவசமாகப் பேசுவார்கள், தவறவிடாதீர்கள். சுருக்கம் இதுதான்: தலைவலியோடு வாந்தி, சோர்வு இருந்தால் ஏறக்கூடாது. குதிகாலையும் விரலையும் ஒட்டி ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கத் தடுமாறினால் மூளையில் வீக்கம் என்று கொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர். இரண்டுக்கும் ஒரே வைத்தியம், அப்போதே இறங்குவது, இரவானாலும், துணையோடு. காலைவரை பார்க்கலாம் என்று காத்திருப்பதுதான் பலரைக் கொன்றிருக்கிறது.

ஞாயிறு, கோரக்ஷேப் (5,164 மீட்டர்)

பாலிகாவின் கடைசிக் கூரை. இதற்கு மேல் எவரெஸ்ட் அடிவார முகாம் (5,364 மீட்டர்), அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் பாதிதான். வசந்தத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இரண்டு மாதம் வாழும் கூடார ஊர் அது. பனியாற்றின் மேல் இருப்பதால் கழிவறைக் குழி தோண்ட முடியாது. நீல பீப்பாய்களில் சேர்த்துச் சுமந்து இறக்குகிறார்கள்.

முகாமுக்கு மேலே அதுவும் கிடையாது. குளிரில் எதுவும் மக்குவதில்லை என்பதால் மேல் முகாம்களில் நாற்றம் தாங்காது என்று ஏறுபவர்களே சொல்லிச் சொல்லி, 2024இல் பாலிகா ஒரு விதி போட்டது: ஏறுகிற ஒவ்வொருவரும் மலப் பை வாங்க வேண்டும், நிரப்பித் திரும்பக் கொண்டுவர வேண்டும். பைக்குள் இருக்கும் பொடி மலத்தைக் கெட்டியாக்கி நாற்றத்தைக் கட்டும். ஒரு பை ஐந்தாறு முறை தாங்கும். அதே ஆண்டு வசந்தத்தில் டிரோனில் 15 கிலோ வரை சாமானும் குப்பையும் ஏற்றி, அடிவார முகாமுக்கும் முதல் முகாமுக்கும் நடுவே பறக்கவிட்டுப் பார்த்தார்கள். கும்பு பனிவீழ்ச்சி (பனியாறு உடைந்து சரியும் செங்குத்துப் பகுதி) வழியே ஆள் ஆறேழு மணி நேரம் உயிரைப் பணயம் வைத்துத் தூக்கும் சுமையை அது சில நிமிடங்களில் கொண்டுபோகும். சுமைக்கூலியை நம்பியிருப்பவர்கள் இதை எப்படிப் பார்ப்பார்கள் என்பது வேறு கேள்வி.

பீப்பாய்கள் வந்து கொட்டப்படும் குழிகள் கோரக்ஷேப் பக்கத்துச் சமவெளியில்தான் இருக்கின்றன. ஆகவே இங்கே எந்த ஓடையிலும் பாட்டிலை நேராக நிரப்பாதீர்கள். லாட்ஜில் கொதிக்க வைத்த நீரைக் காசு கொடுத்து வாங்குங்கள். 5,000 மீட்டரில் தண்ணீர் 83 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கிருமி சாக அது போதும், ஆனால் தளதளவென்று சில நிமிடம் கொதித்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குளோரின் மாத்திரை போட்டால் குளிர்ந்த நீரில் வழக்கமான அரை மணி நேரம் போதாது, இரண்டு மடங்கு விட்டுக் குடியுங்கள்.